ஙகர வரிசை

எழும்பூர், மியூசியம் தியேட்டர், எண்பத்து மூன்று ஆகஸ்ட்.
மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது.
எங்கள் வாரியத்தின் கைங்கரியம்தான். மறுநாள்
புகார்ப் பேரேட்டில் நானே பதிந்தேன்.

கூட்டம் விசிலடித்தது, நாற்காலியைத் தட்டியது.
மெர்வின் ரொசாரியோ நிறுத்தவில்லை.
செத்த கிட்டாரை
இருட்டில் மீட்டிக்கொண்டே இருந்தான்.
கொசு பறக்கிற அளவுக்குத்தான் சத்தம்.
அதைக் கேட்க
முன்னூறு பேர் மூச்சைக் குறைத்துக்கொண்டோம்.

கரண்ட் திரும்பியதும்
ஆம்ப்ளிஃபையர் ஒரு கத்துக் கத்தியதே,
அதை எழுத நம்மிடம் எழுத்தில்லை என்றுதான் நினைத்தேன்.
பெரம்பூர் போகும் கடைசி பஸ்ஸில், ஓட்டேரி தாண்டும்போது,
அரிச்சுவடி அட்டையின் மூலையில் அது கிடப்பது
ஞாபகம் வந்தது.
ஙா, ஙீ, ஙூ, ஙௌ.
எந்தச் சொல்லிலும் வேலை கிடைக்காமல்
ஒன்றாம் வகுப்போடு நின்றுபோன எழுத்துகள்.

வாரப் பத்திரிகையில் என் தொடர் அப்போது
பதினோராம் வாரம். சவலைப் பிள்ளை.
நத்தை என்றொரு விண்கப்பல்,
உலகம்மாள் என்றொரு தளபதி.
வேற்றுக்கோள்காரர்கள் அதுவரை
தூர்தர்ஷன் செய்தி போலச் செந்தமிழ் பேசிக்கொண்டிருந்தார்கள்.
பன்னிரண்டாம் வாரம் வாயைத் திறந்து
ஙீஈஈஙௌ என்றார்கள்.

அச்சுக்கோக்கும் கோதண்டம் என்னைத் தேடி வந்தார்.
"கேஸுல ஙீ மொத்தமே ரெண்டும்மா.
ஒண்ணுக்குக் கொம்பு ஒடஞ்சிருக்கு.
ஒங்க ஆளுங்க கொஞ்சம் கம்மியாப் பேசக்கூடாதா?"
அதனால் கம்மியாகப் பேசினார்கள்.
அது ஞானத்தின் மௌனம் என்று
வந்தவாசியிலிருந்து ஒருவர் நாலு பக்கம் எழுதினார்,
என்னை ஐயா என்று விளித்து.
ஆண்பெயரில்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவன் ஒரு கம்பி அறுந்து, மாற்றுக்கம்பி இல்லாமல்
ஐந்தோடு முடித்த இரவுக்குப் பிறகு
நத்தையின் ஆறாவது எஞ்சின் பழுது. இன்றுவரை பழுது.
ஏன் சரிசெய்வதில்லை என்று கேட்காத வாசகர் இல்லை.
இடது காதைப் பொத்திக்கொண்டு அவன் பாடுவான்.
அன்றிலிருந்து உலகம்மாள்
போரா சமாதானமா என்று முடிவெடுப்பதெல்லாம்
இடது காதைப் பொத்திக்கொண்டுதான்.
அவன் பாட்டின் இங்கிலீஷ் எனக்குப் பாதி பிடிபடவில்லை.
பிடிபடாத பாதியில்
பதினேழு கோள்கள் இருந்தன.

பிறகு ஒரு வருஷம் சுவரில் போஸ்டர் வரவில்லை.
அடுத்த வருஷமும்.
ஈயம் போய் கம்ப்யூட்டர் வந்தது,
ஙீ எத்தனை வேண்டுமானாலும் கிடைத்தது.
ஆனாலும் அவர்கள் பேச்சைக் கூட்டவில்லை.
பழகிவிட்டது போல.

போன மாதம் ரிச்சி தெரு.
பழைய டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன்.
கவுன்டரில் ஒருவர் நின்றால் இன்னொருவர் தெருவில்தான்.
எம். ரொசாரியோ, ஆடியோ சர்வீஸ்.
நான் பேச ஆரம்பித்ததும்
சால்டரிங் புகைக்குள்ளிருந்து
வலது காதைத் திருப்பினான்.
தலையில் முடியே இல்லை.

பெல்ட் மாற்றினான், ஹெட்டைத் துடைத்தான்,
ஓடவிட்டுக் கொஞ்சநேரம் குனிந்திருந்தான்.
"அடியில ஒரு ஹம்மு கீது மேடம். எடுத்துரவா?"
வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.
ஒரு மாதிரியாகப் பார்த்தான்.
"எங்க வேலை?"
ஈ.பி.யில். ரிட்டையராகிவிட்டேன்.
"அட, ஈ.பி.யா!" கடையே குலுங்கச் சிரித்தான்.
"ஒரு தபா நடு ஷோவுல என் கரண்ட்ட புடுங்கினீங்களே,
ஞாபகம் இருக்குதா?"

எழுதிவைத்திருக்கிறேன் என்றேன்.
புகாரைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான்.
நூற்றைம்பது வாங்கிக்கொண்டான்.